பங்கு போட்ட வலி

சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதையை ஊசியால் எடுத்த பிறகு, அசையாமல் மல்லாந்து படுத்திரு என்றால் யாரும் படுத்துவிடுவார்கள். பியூலாவைப் படுக்க வைப்பதுதான் கஷ்டம். அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளை ஓடச் சொல்லி விசில் ஊதுகிறவள். டாக்டர் ஊசியை உருவிவிட்டுக் கையுறையைக் கழற்றுவதற்குள், "எப்ப சார் எந்திரிக்கலாம்?" என்று கேட்டுவிட்டாள்.

கால் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது, காரணம் தெரிய வேண்டுமானால் சதையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எடுத்தாகிவிட்டது. முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதுவரை கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊசி குத்திய இடம் உள்ளே திறந்துகொண்டு ரத்தம் கசியக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது முப்பிடாதி சிஸ்டர் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெரிய பிளாஸ்திரி. அதோடு சின்னச் சின்னப் பிளாஸ்திரிகள் ஒட்டிய ஒரு சுருள்.

"வலி மாத்திரை குடுத்தாப் போதாதா சிஸ்டர்?" என்றான் பியூலாவின் கணவன் ஞானராஜ்.

"குடுத்தா வலி தெரியாது சார். வலி தெரியலன்னா உள்ள ரத்தம் கசிஞ்சாலும் தெரியாது. முன்னெல்லாம் அதுக்காகவே இங்க பிடிச்சு வச்சிருப்போம். இப்பக் கட்டில் எங்க இருக்கு? அதுக்குத்தான் இது." பெரியதைப் பியூலாவின் இடுப்புக்கு மேலே ஒட்டினாள். சுருளிலிருந்து சின்னது ஒன்றைக் கிழித்து ஞானராஜின் இடுப்பில், அதே இடத்தில் ஒட்டினாள். "இவங்க வலி இனிமே ஒங்களுக்கும் வரும். சரிபாதி. வலி மறையாது, ரெண்டு பேருமாச் சொமப்பிய. இவங்க கண்ணசந்தாலும் நீங்க முழிச்சிருப்பியல்லா? திடீர்னு கூடிச்சுன்னா எனக்குப் போன் போடணும்."

"ஆபீஸ் போனா?"

"போன் சிக்னல் இருக்க இடமெல்லாம் வலிக்கும்."

"கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல இப்பத்தான் ஒரு பிரயோஜனம்" என்றாள் பியூலா. சிரித்தாள். சிரித்ததும் சுருக்கென்றது. அவளும் ஞானராஜும் ஒரே நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இந்தப் பிளாஸ்திரியே வலியப் பாத்து ஒங்களுக்குச் சொல்லாதா சிஸ்டர்?"

"சொல்ல வச்சுப் பாத்தாங்க டீச்சர். தும்முனா மணி அடிக்கும். சிரிச்சா மணி அடிக்கும். ஆம்புலன்ஸ்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க. எது சும்மா வலி, எது ஆபத்தான வலின்னு மனுசனுக்குத்தான் தெரியுது."

சுருளில் இவ்வளவு எதற்கு என்று ஞானராஜ் கேட்டதற்கு, குளித்தால் வேறு மாற்ற வேண்டும் என்றாள் சிஸ்டர். அவன் தூங்கும்போது வீட்டில் வேறு யாராவது ஒட்டிக்கொள்ளலாம், ஷிப்டு மாதிரி என்றும் சொன்னாள். பிறகு ஆகாதவற்றைச் சொன்னாள். ஆரஞ்சு கூடாது. வாழைப்பழம் கூடாது. ஹார்லிக்ஸ் கூடாது. இளநீர் கூடவே கூடாது.

அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ தெரியாது. நோயாளிக்கு ஒரு துணை இருக்கும், மிஞ்சிப் போனால் இரண்டு இருக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையைப் பார்த்தவர்கள் இல்லை.

வீட்டில் கட்டிலை ஹாலில் போட்டிருந்தார்கள். ஞானராஜ் சொன்னதைச் சொன்னபடி செய்தான். தண்ணீர் கொடுத்தான். பியூலாவின் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"செவப்பு ஒண்ணுமில்ல. பன்னீர் மாதிரி இருக்கு."

"வாசல்ல வச்சிராதீங்க. வாரவுக மேல தெளிச்சிருவாவ."

மறுபடியும் இரண்டு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மார்க்கெட்டிலிருந்து வந்தாள் ஞானராஜின் அம்மா ரோஸ்லின். மருமகள் படுத்திருந்தாள், மகன் வளைந்து நின்றான்.

"ஏல, ஊசி ஒனக்கா போட்டாவ?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமலா மூஞ்சி வேத்து ஊத்துது?"

விவரம் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒரு பிளாஸ்திரியைக் கிழித்துத் தன் இடுப்பில் ஒட்டிக்கொண்டாள். வலி வருவதற்குத் தயாராகப் பல்லைக் கடித்தாள். பிறகு பல்லை விட்டாள். "இவ்வளவுதானா?"

பியூலாவுக்கு வலி சட்டென்று இறங்கியது. ஞானராஜ் நிமிர்ந்துவிட்டான். ஒரு வலி மூன்று பேருக்குப் பிரிந்துவிட்டது.

"ஷிப்டு மாதிரின்னுல்லா அத்தே சிஸ்டர் சொன்னாங்க?"

"ஒருத்தர் நோவுல கெடக்க, இன்னொருத்தர் குறட்டை விடுததா? குடும்பத்துல அப்படி உண்டுமாட்டி?" என்று கேட்டுவிட்டு அத்தை மீன் கழுவப் போனாள்.

மறுநாள் காலையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போக யாருக்கும் மனசு வராது. முதலில் வந்தவர் சபைப் பாடகர் குழுவை நடத்தும் ஸ்டீபன் சார். பை நிறைய ஆரஞ்சு. ஆகாது என்று அத்தை சொன்னதும் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். அடுத்து வந்தாள் பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு. அவள் கையில் மூன்று இளநீர், கொண்டையோடு.

"இளநி கூடவே கூடாதாம்" என்றாள் அத்தை.

"ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வரட்டுமா?"

"அதுவும் கூடாதாம்."

சுடலைவடிவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் என்னத்தத்தான் குடுக்க? சும்மா பாத்துட்டுப் போவ நான் என்ன டாக்டரா?"

அத்தைக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேசை மேல் சுருள் இருந்தது. "இன்னா, ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கோ. வலியில ஒரு பங்கு வாங்குன மாதிரி இருக்கும்."

சுடலைவடிவு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒட்டிக்கொண்டு, "இப்பத்தான் வந்து பாத்த மாதிரி இருக்கு" என்றாள். ஸ்டீபன் சார் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இல்லையா மதினி?" என்றார்.

அதற்குப் பிறகு ஒருவரும் பிளாஸ்திரி இல்லாமல் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. பாடகர் குழு மொத்தமும் வந்தது. பியூலாவோடு ஒரு வருடமாக விளையாட்டு மைதானத்துக்காகச் சண்டை போடும் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து, வாயைத் திறக்காமல் ஒட்டிக்கொண்டு போனார். ஒருவர் தன் பிளாஸ்திரியைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். அதைப் பார்த்த இன்னொருவர், "எங்களயெல்லாம் ஆளா நெனைக்கலயா?" என்று போனில் வருத்தப்பட்டார். அவர் வீட்டுக்கு ஞானராஜே பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். மத்தியானத்துக்குள் சுருள் தீர்ந்துவிட்டது. எத்தனை பேர் வாங்கினார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

பியூலாவுக்கு வலி என்பதே இல்லை. தன் வலியைச் சுமந்துகொண்டு வாசற்படி இறங்குகிறவர்களைப் பார்க்க முதலில் கூச்சமாக இருந்தது. வலியில்லாத உடம்பில் கூச்சம் அதிக நேரம் நிற்பதில்லை. படுத்தபடியே காலை உயர்த்திப் பயிற்சி செய்து பார்த்தாள். அத்தை முழங்காலில் ஒரு அடி போட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கண் அசரும் நேரத்தில், இடுப்பில் சுள்ளென்று ஒரு கடி. எறும்பு கடித்த மாதிரி. கடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றது. பியூலா கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு பேர் பங்கு வாங்கியிருக்கும்போது இதைப் போய்ச் சொல்வதா?

அடுக்களையில் அத்தை "ஸ்" என்றாள். என்னவென்று பியூலா கேட்டதற்கு, ஒன்றுமில்லை, மிளகாய்க் காந்தல் என்றாள். ஞானராஜ் சட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்தான். சுடலைவடிவு அப்போது துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். ஸ்டீபன் சார் பாட்டு வகுப்பில் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டாராம். இதெல்லாம் பிறகு விசாரித்தபோது வந்த செய்தி. ஒவ்வொருவரும் அதே எறும்பைத்தான் உணர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நினைத்தது ஒன்றேதான்: நோயாளியே சும்மா கிடக்கிறாள், நமக்கு வந்த கடுகளவுக்கு நாம் கத்துவதா?

பியூலாவுக்கு நாக்கு வறண்டது. பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நூறு மீட்டர் ஓடிய பிள்ளைக்கு அடிப்பதுபோல் அடித்தது. காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்த களைப்பு என்று நினைத்தாள். ஞானராஜ் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். பன்னீர்தான். ஒரு குறையும் இல்லை.

அப்போது அவன் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுப் பியூலாவைப் பார்த்தான். "டெய்சி மதினி."

டெய்சி பியூலாவின் அக்கா. தூத்துக்குடியில் இருக்கிறாள். இந்த வீட்டைக் கட்டிக் குடிபுகப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தபோது, நேரில் வந்து அழைக்காமல் பியூலா போனில் சொல்லிவிட்டாள் என்று பேச்சை நிறுத்தியவள். மூன்று வருடமாகிறது. ஞானராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏட்டி பியூலா, வயித்துக்குள்ள என்னத்தட்டி வச்சிருக்க? மத்தியானம் பிடிச்சுக் குத்துது!"

"அக்கா? ஒனக்கு எப்படி...?"

கேட்கும்போதே பியூலாவுக்குப் புரிந்துவிட்டது. அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை மின்விசிறியைப் பார்த்தாள். "துறைமுகத்துக்கு வேலைக்குப் போற நம்ம சாலமோன் கையில காலைல குடுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு. கூடப்பொறந்தவளுக்கு இல்லன்னா நாளைக்கு ஒரு பேச்சு வராதா?"

"அது கெடக்கட்டும்" என்றது போன். "ஒட்டும்போது ஒண்ணும் தெரியல. சாப்பிட்டுட்டு உக்காந்தேன், பிடிச்சுக்கிட்டு. கூடிக்கிட்டே போவுது. ஒனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. எறும்பு கடிச்ச மாதிரி."

"எனக்கும் எறும்பு கடிச்ச மாதிரிதான்!"

"அதுக்கா இந்தக் கத்து கத்துத?"

"எறும்பு கடிச்சா நான் கத்துவேன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். தோசை ஓரம் முறுகினாலும் டெய்சி சொல்லுவாள், முறுகாவிட்டாலும் சொல்லுவாள். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் வெயில் என்பாள். தன் கல்யாண மேடையில் உட்கார்ந்துகொண்டே மாலை கனக்கிறது என்று சொன்னவள். எதையும் குறைத்துச் சொல்லவோ மறைத்து வைக்கவோ அவளுக்கு வராது.

"ஆமா, இந்தப் பிளாஸ்திரிய எத்தன பேரு ஒட்டியிருக்கிய?"

ஹாலில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு பத்து இருக்கும் மதினி" என்றான் ஞானராஜ்.

"பாட்டுக்காரங்களே பத்துக்கு மேலல்லா வரும்" என்றாள் அத்தை. "பொறவு ஸ்கூல் டீச்சருமாரு. எதுத்த வீடு, பக்கத்து வீடு..."

"அத்தன பேரையுமா கடிக்கும்?"

அத்தை மெதுவாகத் தன் இடுப்பைத் தொட்டாள். ஞானராஜும் தொட்டான்.

"அத்தன பேரையும் ஒரே நேரத்துல கடிக்க எறும்பு எந்த ஊருல இருக்கு?" டெய்சி கத்தினாள். "எல்லாத்தையும் சேத்துப் பாருங்க, அது எறும்பாவா இருக்கும்? போன வச்சுட்டு நர்சம்மாவக் கூப்பிடுங்க தம்பி! இல்ல, வைக்காதீங்க! வேற போன்ல கூப்பிடுங்க!"

முப்பிடாதி சிஸ்டர் முதலில் எண்ணிக்கையை நம்பவில்லை. "ஷிப்டுன்னுல்லா சார் சொன்னேன்!" என்றாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு அவள் குரல் மாறியது. ஆம்புலன்ஸ் இப்போதே புறப்படும், அதற்குள் எல்லாரும் பிளாஸ்திரியைக் கழற்ற வேண்டும். மொத்த வலி எவ்வளவு என்று தெரிந்தால்தான் டாக்டர் தயாராக இருக்க முடியும். ஆனால் ஒவ்வொருவராகத்தான் கழற்ற வேண்டும். ஒரேயடியாகத் திரும்பி வந்தால் டீச்சர் தாங்கமாட்டாள்.

அத்தை நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஞானராஜ் அவள் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். கொடுக்கும்போது ஒரு பேச்சும் இல்லாமல் வாங்கிக்கொண்டவர்கள், திருப்பிக் கேட்டபோது தர மறுத்தார்கள்.

"இருக்கட்டும் சார், எனக்கு ஒண்ணும் பாரமா இல்ல" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"டீச்சர் ரெஸ்ட் எடுக்கட்டும் தம்பி. நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டுதான இருக்கேன்" என்றார் ஸ்டீபன் சார்.

சுடலைவடிவு சுவருக்கு மேலே தலையை நீட்டி, "குடுத்தத ஏன் திரும்பக் கேக்கிய? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கண் கலங்கினாள்.

"ஒரு மண்ணும் செய்யல! கழட்டுங்க!" என்று ஸ்பீக்கரிலிருந்து டெய்சி போட்ட சத்தத்தில் சுடலைவடிவு அங்கேயே கழற்றிவிட்டாள்.

வலி வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தது. காலையில் ஒவ்வொருவராகப் போன மாதிரியே ஒவ்வொருவராக வந்தது. ஒவ்வொரு பங்கு வரும்போதும் பியூலா கட்டில் சட்டத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். ஸ்டீபன் சாருடையது வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸுடையது வந்தது. மைதானச் சண்டையை மறந்து இதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியிருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு நினைக்க முடியவில்லை. எறும்பு முதுகிலிருந்து வயிறுவரை வளர்ந்துவிட்டது. அத்தை தன்னுடையதைக் கழற்றினாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் திரும்ப ஒட்டப் போனாள். ஞானராஜ் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"இப்ப யார் யார் சார் மிச்சம்?" சிஸ்டர் கேட்டாள்.

"நானும், தூத்துக்குடில மதினியும்."

"ஒங்களுக்கு எப்படி இருக்கு? பத்துக்கு எத்தன சொல்லுவிய?"

ஞானராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை நனைந்திருந்தது. "பரவால்ல சிஸ்டர். ஒரு ரெண்டு. மூணு இருக்கலாம்."

"பொய்யி!" என்றது மற்றப் போன். "நர்சம்மா, அவரு சொல்லுதத எழுதாதிய! எனக்கு எட்டு! எட்டுக்கு மேல! தம்பி, நீங்க கழட்டுங்க, ஒங்களால ஆவாது!"

அவன் கழற்றினான். அக்காவும் தங்கையும் மட்டும் மிஞ்சினார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த அலறலில் முப்பிடாதி சிஸ்டருக்கு எண் தேவைப்படவில்லை. "போதும். தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுதேன்" என்றாள்.

ஆம்புலன்ஸில் போன் பியூலாவின் தலைமாட்டில் இருந்தது. பாளையங்கோட்டைச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தூத்துக்குடியில் ஒருத்தி கத்தினாள். "ஏ டிரைவரு, மெதுவாப் போப்பா! ஒனக்கெல்லாம் யாரு லைசென்சு குடுத்தா?" டிரைவர் இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பியூலா கத்தவில்லை. அவளுக்கும் சேர்த்து அக்கா கத்திக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கு நடுவிலும், பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்குட்டி இப்பச் சிரிச்ச? எனக்கு இங்க உசிரு போவுது!"

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கசிந்த ரத்தக்குழாயை உள்ளேயே அடைத்தார்கள். ரத்தம் சிறுநீரகத்தைச் சுற்றி வெளிப்பக்கமாகத் தேங்கியிருந்ததால்தான் சிறுநீர் தெளிவாக இருந்திருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். ஞானராஜின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

காலையில் டெய்சி வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் பாட்டுச் சத்தம் அதிகம், ஆஸ்பத்திரி காப்பியில் சீனி அதிகம், வார்டில் குளிர் அதிகம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியூலாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை எலும்பாக இருக்கிறது என்றாள். பேசாமல் இருந்த மூன்று வருடத்தைப் பற்றி இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"ஏக்கா, அத்தன பேரும் பொறுத்துக்கிட்டாங்க. நீ ஏன் போன் போட்ட?"

"வலிச்சுது, போட்டேன். இதுல என்னட்டி கேள்வி?" என்றாள் டெய்சி.

முடிவு அடுத்த வாரம் வந்தது. மாத்திரையில் கட்டுப்படும், உப்பைக் குறைக்க வேண்டும், ஓட்டமெல்லாம் ஒரு மாதம் கழித்து. பியூலா டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது, டெய்சியும் அத்தையும் வார்டு வாசலில் காத்திருந்தார்கள். உள்ளே முப்பிடாதி சிஸ்டர் ஒரு பையனுக்குப் பெரிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அதே சிறுநீரக ஊசிதான். சுற்றிலும் அவன் குடும்பம். மேசை மேல் பெட்டி திறந்திருந்தது. சுருளைக் காணவில்லை. ஒரே ஒரு சின்னப் பிளாஸ்திரிதான் இருந்தது.

பையனின் அம்மா முன்னால் வந்து இடுப்பைக் காட்டினாள். "எனக்கு ஒட்டுங்க சிஸ்டர். எம்புள்ளைக்காக நான் எதையும் தாங்கிக்கிடுவேன்."

"தாங்குத ஆளு வேண்டாம்மா" என்றாள் முப்பிடாதி சிஸ்டர். "ஒங்க வீட்டுலயே ரொம்பக் குறை சொல்லுத ஆளு யாரு?"

அம்மா திகைத்தாள். மரியாதை கருதி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அத்தனை தலைகளும் மெல்ல ஒரே பக்கம் திரும்பின. அங்கே, சுவரோரம், தாய்மாமா ஒருவர் வார்டு ஊழியரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நாற்காலி ஆடுகிறது, இதில் எப்படி மனுஷன் உட்காருவான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் பிளாஸ்திரியை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள்.

வாசலில் நின்ற டெய்சி எட்டிப் பார்த்தாள். "அந்த நாற்காலி ஆடத்தான் செய்யுது" என்றாள்.